வெள்ளணுக் கணக்கு

காவிரியின் ஒரு கரையில் பவானி, மறு கரையில் குமாரபாளையம். பவானி ஜமக்காளத்துக்குப் பேர்போனது; குமாரபாளையம் லுங்கிக்கும் துண்டுக்கும் பேர்போனது. நெசவால் வாழும் இவ்வூரில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். என் தொழிலின் அடிப்படையை மாணவ நண்பர்களுக்கு விளக்க முற்படும்போது, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நெசவுத் தொழிலில் வழங்கும் ஒரு சிறு கருவிதான். உலோகத் தகட்டில் ஓர் அங்குலச் சதுரத் துளை. அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி. அதைத் துணியின்மீது வைத்து, அந்தச் சதுரத்துக்குள் பாவிழை எத்தனை, ஊடையிழை எத்தனை என்று எண்ணுவார்கள். முழுத் துணியையும் எண்ணுவார் எவரும் இல்லை. ஆயினும் எண்ணிக்கையோடு நின்றுவிடுவாரும் இல்லை. நூல் முறுக்கு ஏறியதா, சாயம் சீராகப் பிடித்ததா என்றும் பார்த்த பிறகே துணியை மதிப்பிடுவார்கள்.

இரத்தத்தின் வெள்ளணுக்களை ஆராய்வதும் இத்தகையதே. எண்ணுவது ஒரு பாதி. பார்ப்பது மறு பாதி. இவ்விரண்டும் இணையாவிட்டால் ஒரு மனிதன் தனக்கு இல்லாத நோய்க்கு மருந்து உண்ண நேரிடும். இருக்கும் நோயை மறந்து வாழவும் நேரிடும். இது வெறும் பேச்சன்று. நம் தென்னாட்டிலேயே நிகழ்ந்த வரலாறு. அதைக் கூறுவதற்குமுன் எண்ணும் முறையைத் தெரிந்துகொள்வோம்.

குண்டூசித் தலையளவு இரத்தத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள அத்துளியில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. வெள்ளணுக்களோ நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு 4,000 முதல் 11,000 வரையே இருக்கும். அதாவது சுமார் 700 சிவப்பணுக்களுக்கு இடையே ஒரே ஒரு வெள்ளணு. திருவிழாக் கூட்டத்தில் காவலரைத் தேடுவது போன்ற வேலை இது. கூட்டத்தைக் கலைத்துவிட்டுக் காவலரை மட்டும் நிறுத்தி வைக்க வழியுண்டா? உண்டு. நீர்த்த அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துக் கரைத்துவிடும். வெள்ளணுக்களின் உட்கருவை அது ஒன்றும் செய்யாது. அவ்வமிலத்தோடு சிறிது ஜென்ஷியன் ஊதாச் சாயத்தையும் சேர்த்துவிட்டால், எஞ்சிய வெள்ளணுக்களின் உட்கரு ஊதா நிறம் பெற்றுக் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். இக்கலவைக்கு டர்க் திரவம் என்று பெயர்.

இந்தத் திரவம் 0.38 மில்லிலிட்டர் எடுத்து, அதில் 0.02 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கலக்கிறோம். இரத்தம் இப்போது 20 மடங்கு நீர்த்துவிட்டது. முன்னாளில் குமிழுள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி இதைச் செய்தார்கள். தொற்றுக்கு இடம் தரும் அம்முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. இரத்தம் எடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்கும்போது முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். விரலை அழுத்திப் பிழியலாகாது. பிழிந்தால் தசையின் நீரும் கலந்து கணக்கு குறைந்துவிடும்.

அடுத்து வருவது எண்ணும் அறை. அறை என்றதும் சுவரும் கதவும் உள்ளதென்று எண்ணிவிடாதீர்கள். தடித்த கண்ணாடித் தகடு ஒன்றின் நடுவே நுண்ணிய கோடுகளால் கட்டங்கள் கீறப்பட்டிருக்கும். நாம் பெரிதும் கையாள்வது நியூபாவர் என்பார் வகுத்த கட்ட அமைப்பு. அதில் ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர் உள்ள ஒன்பது பெரிய சதுரங்கள் உள்ளன. தகட்டின்மேல் மூடுகண்ணாடியை வைத்தால் அதற்கும் கட்டத்துக்கும் இடையே சரியாக 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நீர்த்த இரத்தத்தை அவ்விடைவெளியில் பரவ விட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் அணுக்கள் அடியில் படியும்வரை பொறுத்திருந்து, நுண்ணோக்கியின் கீழே வைத்து நான்கு மூலைச் சதுரங்களில் உள்ள வெள்ளணுக்களை எண்ணுகிறோம். கோட்டின்மேல் விழுந்த அணுவை என்ன செய்வது? மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொடுவன சேரும். கீழ்க்கோட்டையும் வலக்கோட்டையும் தொடுவன சேரா. இவ்விதி இல்லையேல் ஒரே அணு இரண்டு சதுரங்களில் எண்ணப்பட்டுவிடும்.

இனி வருவது பள்ளிக்கூடக் கணக்கு. நான்கு சதுரங்களின் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1, ஆகவே கன அளவு 0.4 கன மில்லிமீட்டர். எண்ணிய அணுக்களை 20 ஆல் பெருக்கி 0.4 ஆல் வகுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால் 50 ஆல் பெருக்கினால் போதும். நான்கு சதுரங்களிலும் சேர்த்து 140 அணுக்கள் இருந்தால், அவர் இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 7,000 வெள்ளணுக்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானைச் சோறு முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. ஆனால் துளிக்குள் அணுக்கள் அப்படிச் சீராக நிற்பதில்லை. தற்செயலாகச் சிதறிக் கிடக்கின்றன. இச்சிதறலில் எவ்வளவு பிழை நேரும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு மருத்துவர் அல்லர். டப்ளின் நகரத்து கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவர் 1907-இல் இதை ஆராய்ந்து, 'மாணவன்' என்று பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டார். அவர் எண்ணியது ஈஸ்ட் அணுக்களை. எண்ணிய கருவி இரத்த அணுக்களுக்குரிய அதே அறை. அந்தக் கணக்கின் சாரம் இதுதான்: நீங்கள் எண்ணிய தொகையின் வர்க்கமூலமே, தற்செயலால் மட்டும் நேரும் பிழையின் அளவுகோல். 140-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12. அதன் இருமடங்கான 24-ஐ இருபுறமும் ஒதுக்கினால், 7,000 என்று நாம் எழுதும் தொகை உண்மையில் 5,800-இலிருந்து 8,200 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே நேற்று 7,000, இன்று 7,600 என்று கண்டு அஞ்சுவதோ மகிழ்வதோ பேதைமை. அதிக அணுக்களை எண்ணினால் பிழை குறையும். நான்கு மடங்கு எண்ணினால் பிழையின் விகிதம் பாதியாகும்.

இதுவரை வெள்ளணுக்கள் எத்தனை என்று அறிந்தோம். அவை யார் என்று அறிந்தோமா? இல்லை. வெள்ளணுக்கள் ஒரே இனத்தவை அல்ல. அவற்றை இனம் பிரிக்க உதவியது, வியப்பாகத் தோன்றலாம், துணிச் சாயத் தொழில். 1876-இல் ஜெர்மனியில் பருத்தித் துணிக்கென உண்டாக்கப்பட்ட சாயம் மெத்திலீன் நீலம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தோன்றிய செஞ்சாயம் இயோசின். பால் எர்லிக் என்ற இளைஞர் இத்தகைய சாயங்களை இரத்தத்தின்மேல் இட்டுப் பார்த்தார். சில அணுக்களின் உள்ளே இருந்த மணிகள் இயோசின் சாயத்தை ஆவலுடன் பற்றிக்கொண்டன. இயோசினை விரும்பும் அணு என்ற பொருளில் இயோசினோபில் என அவற்றுக்கு 1879-இல் அவர் பெயரிட்டார். அப்போது அவருக்கு வயது 25.

நம் பரிசோதனைக் கூடங்களில் இன்றும் பெரிதும் வழங்குவது 1901-இல் வில்லியம் லீஷ்மன் வகுத்த சாயம். இந்தப் பெயரோடு சென்னைக்கும் தொடர்பு உண்டு. கருங்காய்ச்சல் என்னும் காலா-அசார் நோயின் கிருமியை லீஷ்மன் தம் சாயத்தின் உதவியால் கண்டு 1903-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் அதே கிருமியைக் கண்டார். இருவர் பெயரும் இணைந்து அக்கிருமியின் பெயராக நிலைத்துவிட்டது.

சாயமிடும் முறையைக் கேளுங்கள். ஸ்லைடு என்னும் கண்ணாடித் தகட்டின் ஒரு முனையில் சிறு துளி இரத்தத்தை வைத்து, வேறொரு தகட்டின் விளிம்பைச் சாய்த்துத் தொட்டு, ஒரே வீச்சில் முன்னோக்கி இழுக்க வேண்டும். நாக்கைப் போன்ற வடிவில் மெல்லிய பூச்சு கிடைக்கும். காற்றில் உலர்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விடுகிறோம். அதிலுள்ள மெத்தில் ஆல்கஹால் அணுக்களைத் தகட்டில் நிலைநிறுத்துகிறது. பின்னர் சாயத்தைப் போல் இருமடங்கு நீர் சேர்த்து ஏழு முதல் பத்து நிமிடம் வைத்துக் கழுவுகிறோம். சேர்க்கும் நீரின் காரத்தன்மை சரியாக இருக்க வேண்டும். கிணற்று நீரின் குணத்தால் சாயம் மாறுவதைச் சாயப்பட்டறைக்காரர் நன்கு அறிவார். இங்கும் அதே கதைதான்: நீரில் காரம் மிகுந்தால் எல்லாம் நீலமாகும், அமிலம் மிகுந்தால் எல்லாம் சிவப்பாகும்.

சாயமேறிய பூச்சில் ஐவகை அணுக்கள் தென்படும். உட்கரு இரண்டு முதல் ஐந்து துண்டாகப் பிரிந்து, மெல்லிய மணிகள் நிறைந்தது நியூட்ரோபில். நலமுள்ள பெரியவரிடம் நூற்றுக்கு 40 முதல் 75 வரை இருக்கும். சீழ் பிடிக்கும் நோய்களில் முதலில் பெருகும் படை இது. உருண்டை உட்கருவைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் உடையது லிம்போசைட்; 20 முதல் 40 வரை. எல்லாவற்றிலும் பெரியதாய், சிறுநீரகம்போல் வளைந்த உட்கருவோடு இருப்பது மோனோசைட். 2 முதல் 10 வரை. மூக்குக் கண்ணாடிபோல் இரு துண்டான உட்கருவும் செம்மஞ்சள் நிறப் பருமணிகளும் உடையது இயோசினோபில். 1 முதல் 6 வரை. கருநீல மணிகளால் உட்கருவே மறைந்து தோன்றுவது பேசோபில். நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடைப்பது அரிது. பெரிய அணுக்கள் பூச்சின் ஓரத்துக்கும் வாலுக்கும் ஒதுங்கும் இயல்புடையன. ஆகையால் ஒரே இடத்தில் நின்று எண்ணாமல், கோட்டை மதிலின் விளிம்பு ஏறி இறங்குவதுபோல் ஓரத்துக்கும் நடுவுக்குமாகச் சென்று நூறு அணுக்களையேனும் எண்ண வேண்டும்.

இங்கே மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நூற்று விகிதம் தனித்து நின்று உண்மை பேசாது. ஒருவருக்கு லிம்போசைட்டுகள் 70 விழுக்காடு, நியூட்ரோபில் 20 விழுக்காடு என்று அறிக்கை வருகிறது. லிம்போசைட் மிகுந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். மொத்த வெள்ளணுக்கள் 2,000 மட்டுமே என்று அறிந்தால் கதை மாறிவிடுகிறது. 2,000-இல் 70 விழுக்காடு 1,400. அது இயல்பான அளவே. நியூட்ரோபிலோ 400 தான், ஐந்நூறுக்கும் கீழ். சிறு தொற்றும் உயிரைக் குடிக்கக்கூடிய நிலை அது. மிகுந்தது ஒன்றுமில்லை, குறைந்ததுதான் ஆபத்து. மொத்தத்தையும் விகிதத்தையும் பெருக்கிய பிறகே அறிக்கையைப் படித்ததாகப் பொருள்.

நான் முன்னர்க் குறிப்பிட்ட வரலாற்றுக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் ஆரோக்கியவரம் என்ற இடத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. தமிழ் நாட்டிலிருந்தும் பலர் அங்கே சென்று தங்கினர். ஸ்டிரெப்டோமைசின் போன்ற மருந்துகள் இன்னும் பிறவாத காலம். க்ஷயம் என்று ஒருவருக்குப் பெயர் சூட்டிவிட்டால், அவர் வேலையையும் வீட்டையும் விட்டு மாதக் கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். வீட்டில் மணமாகாத பெண் இருந்தால் வரன் வருவதும் நின்றுவிடும். அங்கு வந்தவர்களில் சிலர் வேறுபட்டுத் தோன்றினர். இரவில் இருமலும் இளைப்பும், உடல் மெலிவு, எக்ஸ்ரேப் படத்தில் நுரையீரலெங்கும் சிறு சிறு புள்ளிகள். எல்லாம் காசநோயையே காட்டின. ஆனால் கபத்தில் காசநோய்க் கிருமி இல்லை. வெள்ளணுக்களை எண்ணியபோதோ இயோசினோபில்கள் கணக்கின்றிப் பெருகியிருந்தன. மருத்துவர்கள் பிரிமோட் மோலரும் பார்டனும் 1940-இல், காசநோய் போலத் தோன்றும் வேறொரு நோய் இது என்று இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினர். பம்பாயில் வைங்கார்ட்டன் 1943-இல் இத்தகைய நோயாளிகளை விவரித்து 'வெப்ப நாட்டு இயோசினோபீலியா' என்று பெயரிட்டார். ஆர்சனிக் அடங்கிய மருந்தால் அவர்கள் குணமடைவதையும் கண்டார்.

காரணம் மட்டும் விளங்கவில்லை. அதற்கு ஒளி காட்டியது மற்றொரு மருந்து. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். யானைக்கால் நோய்ப் புழுவைத் தாக்கும் டைஎதில்கார்பமசின் என்ற மருந்து 1947-இல் அந்நிறுவன ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. 1950-களில் சிங்கப்பூரில் தனராஜ் என்ற மருத்துவர் அதையே இயோசினோபீலியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க, அவர்கள் குணமடைந்தனர். புழுவைக் கொல்லும் மருந்து இந்நோயைத் தீர்க்குமானால், நோயின் வேரும் அப்புழுவாக இருக்க வேண்டுமல்லவா? ஆனால் இரத்தத்தில் புழுக்குஞ்சுகளைக் காணோமே!

விடை வேலூரிலிருந்து வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் 1960-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த திசுவில் யானைக்கால் வகைப் புழுவின் குஞ்சுகளைக் கண்டதாக அதில் எழுதியிருந்தனர். கொசு கடித்து உட்புகுந்த புழுவின் குஞ்சுகளைச் சிலருடைய உடல் மிகுந்த சினத்தோடு எதிர்க்கிறது. இரத்தத்தில் அவை உலவ விடாமல் உறுப்புகளுக்குள்ளேயே மடக்கி அழிக்கிறது. அந்தப் போரின் புகைதான் இருமலும் இளைப்பும், படைவீரர்களே இயோசினோபில்கள். கன மில்லிமீட்டருக்கு 3,000-க்கு மேல் அவை இருப்பது இந்நோயின் ஓர் அடையாளம். மூன்று வாரம் மருந்து உண்டால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

ஒரு கண்ணாடித் தகடும், இரண்டு சாயங்களும், பொறுமையும் இருந்ததால் எத்தனையோ பேர் காசநோயாளி என்ற பெயரிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் பகுதியில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. தும்மினாலும், இளைத்தாலும், தறிக்கூடத்தில் இருமினாலும் அந்தப் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வார்கள். அல்லது பஞ்சுத் தூசி என்று சொல்லி வாளாவிருந்துவிடுவார்கள். இயோசினோபில் 8 விழுக்காடு என்ற ஒரு வரி போதும், பல மாதம் தாமாக மருந்து வாங்கி உண்பதற்கு. குடற்புழு இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும், ஒவ்வாமை இருந்தாலும் இந்த அணு சற்று உயரும். மொத்தம் 6,000 ஆனால் 8 விழுக்காடு என்பது 480 தான். 3,000 எங்கே, 480 எங்கே! அதைவிட முக்கியமான ஒன்று: இயோசினோபில் உயர்ந்திருப்பதால் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் கபத்தைப் பரிசோதிக்க வேண்டும். அன்று காசநோய் என்ற தவறான பெயர் மனிதரை வாட்டியது. இன்று இயோசினோபீலியா என்ற தவறான பெயர் காசநோயை மறைத்து வைக்கலாம்.

இக்காலத்தில் எண்ணும் வேலையைப் பெரும்பாலும் பொறிகளே செய்கின்றன. அமெரிக்கரான வாலஸ் கோல்டருக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்த தத்துவம் எளியது. உப்புக் கரைசலில் மிதக்கும் அணுக்கள் மின்சாரம் பாயும் ஒரு நுண்துளை வழியே ஒவ்வொன்றாகச் செல்கின்றன. ஒவ்வோர் அணுவும் கடக்கும்போது மின்தடை சற்று உயர்கிறது. அந்தத் துடிப்புகளை எண்ணினால் அணுக்கள் எண்ணப்பட்டுவிடும். ஒரு நிமிடத்தில் பல்லாயிரம் அணுக்களை எண்ணுவதால் தற்செயல் பிழை மிகமிகக் குறைவு. ஆயினும் பொறி துடிப்பை அறியுமே அன்றி முகத்தை முழுதும் அறியாது. இரத்தத் தட்டுகள் திரண்டு கட்டியாகிவிட்டால் அவற்றை வெள்ளணு என்று அது எண்ணிவிடக்கூடும். பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் உட்கருவோடு உலவும் இளஞ்சிவப்பணுக்களையும் அவ்வாறே மயங்கி எண்ணக்கூடும். இரத்தப் புற்றுநோயில் தோன்றும் முதிராத அணுக்களைச் சந்தேகக் குறியிட்டு நம்மிடம் திருப்பித்தான் அனுப்பும். அப்போது நாங்கள் செய்வது எர்லிக் காலத்து வேலையே: பூச்சு இழுத்து, சாயமிட்டு, கண்ணால் பார்ப்பது.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரி உயிரியல் கூடத்தில் நுண்ணோக்கி இருக்குமானால், ஆசிரியரின் துணையோடு சாயமிட்ட ஸ்லைடு ஒன்றை வைத்து நூறு அணுக்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் நண்பரையும் அதே ஸ்லைடை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவாரா. ஏன் ஒத்துவரவில்லை, எவ்வளவு வேறுபாடு தற்செயலால் வரக்கூடியது, எவ்வளவு கவனக் குறைவால் வந்தது என்று ஆராயத் தொடங்கினால் அறிவியலின் வாயிலில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று பொருள். வீட்டுக்கு ஓர் இரத்த அறிக்கை வந்தால், சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு விகிதத்தை மட்டும் கண்டு கலங்காமல், மொத்தத்தோடு பெருக்கிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கொடுங்கள். அந்தத் தாளில் இருப்பது ஒரு மனிதருடைய உடலைப் பற்றிய சாட்சி. சாட்சியை முழுவதும் கேட்ட பிறகே தீர்ப்பு எழுத வேண்டும்.